காந்த நானோ துகள் வெப்பச் சிகிச்சை: முன்பணம் கட்டும் முன்

கேள்வி: ஐயா, வணக்கம். என் அப்பாவுக்கு 58 வயது. சென்ற ஆண்டு தலைவலியும் வலது கையில் பலவீனமும் வந்து, ஸ்கேனில் மூளைக் கட்டி என்று தெரிந்து, மதுரையில் அறுவை சிகிச்சை செய்தோம். பயாப்ஸியில் கிளியோபிளாஸ்டோமா, கிரேடு 4 என்று வந்தது. ஆறு வாரம் கரண்ட் வைத்தார்கள். கீமோ மாத்திரையும் கொடுத்தார்கள். கரண்ட் முடிந்து இரண்டரை மாதம் ஆகிறது. போன வாரம் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் பழைய இடத்தின் ஓரத்தில் மீண்டும் வளர்ச்சி இருப்பதுபோல் தெரிகிறது என்கிறார் டாக்டர். இதற்கிடையில் என் சித்தப்பா ஒரு வீடியோ அனுப்பினார். இரும்பு நானோ துகள்களைக் கட்டிக்குள் செலுத்திக் காந்தத்தால் சூடாக்கினால் புற்றுநோய் செல்கள் மட்டும் எரிந்துவிடும், பக்கவிளைவே இல்லை என்று அதில் சொல்கிறார்கள். வெளிநாட்டில் ஏற்பாடு செய்து தர ஓர் ஏஜென்ட் 24 லட்சம் கேட்கிறார். இந்த மாதக் கடைசிக்குள் 3 லட்சம் முன்பணம் கட்ட வேண்டுமாம். நிலத்தை விற்கலாமா என்று யோசிக்கிறோம். இது உண்மையான சிகிச்சைதானா? எம்.ஆர்.ஐ. மெஷினே பெரிய காந்தம்தானே, அதிலேயே செய்ய முடியாதா? ரத்தசோகைக்காக அப்பா இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார். அந்த இரும்பு கட்டிக்குப் போய்ச் சேருமா? நிறுத்திவிடலாமா?

— விருதுநகர் மாவட்ட வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். உங்கள் கடிதத்தில் ஒரு தேதி இருப்பதால் அதற்குரிய பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பணம் கட்ட வேண்டாம். நிலத்தை விற்கும் பேச்சையும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். அந்தச் சிகிச்சை கற்பனை என்பதால் இப்படிச் சொல்லவில்லை. அது உண்மையான அறிவியல். மனிதர்களிடம் செய்து பார்க்கப்பட்டது. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை அளிக்கும் மருத்துவன் என்ற முறையில் நான் மதிப்போடும் எதிர்பார்ப்போடும் கவனித்து வரும் துறை அது. ஆனால் வீடியோவில் சொல்லப்படுவதற்கும் ஆய்வுகளில் உண்மையில் கண்டறியப்பட்டதற்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. அதற்கும் முன்பாக, உங்கள் தந்தையாரின் ஸ்கேனைப் பற்றியே ஒரு கேள்வி தீர வேண்டியிருக்கிறது.

கதிர்வீச்சும் (நீங்கள் கரண்ட் என்று எழுதியது இதைத்தான்) டெமோசோலமைடு என்னும் கீமோ மாத்திரையும் சேர்த்துக் கொடுத்து முடித்த முதல் மூன்று மாதங்களுக்குள் எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில், கட்டி இருந்த இடத்தின் ஓரம், ஸ்கேனுக்காக ரத்தத்தில் செலுத்தும் மருந்து ஏறி வெள்ளையாகத் தெரிவதும், சில நோயாளிகளில் அது முன்பைவிடப் பெரிதாகத் தோன்றுவதும் உண்டு. சிகிச்சையால் ரத்தக் குழாய்கள் கசிந்து திசு வீங்குவதாலும் இந்தத் தோற்றம் உண்டாகலாம். இதைப் பொய் வளர்ச்சி என்கிறோம். வேறு எதையும் மாற்றாமல், சில வாரங்கள் கழித்து எடுக்கும் ஸ்கேனில் அது தானாகவே சுருங்கிவிடும். உங்கள் தந்தையார் சரியாக அந்தக் காலக்கட்டத்தில்தான் இருக்கிறார். இது உறுதியாகப் பொய் வளர்ச்சிதான் என்று ஸ்கேனைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. உங்கள் டாக்டரும் "இருப்பதுபோல்" என்றுதான் சொல்லியிருக்கிறார். ஆகவே அடுத்த முறை அவரைப் பார்க்கும்போது, ரத்த ஓட்டத்தை அளக்கும் பெர்ஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா, நான்கு முதல் எட்டு வாரங்களில் மறு ஸ்கேன் எடுத்து ஒப்பிடலாமா என்று கேளுங்கள். கரண்ட் முடிந்தவுடன் எடுத்த ஸ்கேன் இருந்தால் அதன் சி.டி.யையும் கையோடு கொண்டுபோங்கள், ஏனென்றால் அறுவைக்கு முந்தைய படத்தோடு ஒப்பிடுவதைவிட அதனோடு ஒப்பிடுவதே சரியான ஒப்பீடு. மீண்டும் வளராத கட்டிக்கு 24 லட்சம் செலவழித்து, பிறகு அது சுருங்கியதைக் கண்டு அந்தச் சிகிச்சைதான் குணமாக்கியது என்று நம்பிவிடும் வாய்ப்பும் இதில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இனி சிகிச்சைக்கு வருகிறேன். நம் உடல் செல்கள் 41, 42 டிகிரி வரை ஓரளவு தாங்கும். 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் செல்லுக்குள் இருக்கும் புரதங்கள் உருக்குலையத் தொடங்குகின்றன. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் அதே சேதம் உண்டாக வேண்டிய நேரம் பாதியாகக் குறைகிறது; 43 டிகிரியில் ஒரு மணி நேரத்தில் ஆவது 45 டிகிரியில் கால் மணி நேரத்தில் ஆகிவிடும். கதிர்வீச்சு உடைத்த டி.என்.ஏ.வைப் புற்றுநோய் செல் தானே ஒட்டுப்போட்டுக்கொள்ளும் வேலையையும் வெப்பம் தடுக்கிறது. அதனால்தான் வெப்பத்தைத் தனியே கொடுப்பதைவிடக் கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுப்பதில் எங்களுக்கு அதிக ஆர்வம். 50 டிகிரியை நெருங்கினால் திசு நேரடியாகவே வெந்து சாகும். சிக்கல் வெப்பத்தில் இல்லை. மண்டையோட்டுக்குள் ஆழத்தில் உள்ள கட்டிக்கு மட்டும், பக்கத்துத் திசுவைச் சுடாமல், அதை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்பதில்தான் சிக்கல்.

அதற்கான வழிகளில் ஒன்றுதான் காந்தத் துகள். சுமார் 12 நானோமீட்டர் அளவுள்ள, அதாவது ஒரு தலைமுடியின் தடிமனில் ஆயிரக்கணக்கில் அடுக்கிவிடக்கூடிய, மேக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடுத் துகள்களை நீரில் கலந்து கட்டிக்குள் செலுத்துகிறார்கள். பிறகு நொடிக்கு ஒரு லட்சம் முறை திசை மாறும் காந்தப் புலத்தில் நோயாளியை வைக்கிறார்கள். புலம் திசை மாறும்போதெல்லாம் துகளின் காந்தத் திசையும் மாறியாக வேண்டும். அது சற்றுப் பின்தங்கியே மாறுகிறது. அந்தப் பின்தங்கலில் இழக்கப்படும் ஆற்றல் வெப்பமாக வெளிவருகிறது. வீட்டில் இருக்கும் இண்டக்‌ஷன் அடுப்பும் திசை மாறும் காந்தப் புலத்தால்தான் பாத்திரத்தைச் சூடாக்குகிறது, ஆனால் அங்கே முக்கிய வேலையைச் செய்வது பாத்திரத்தின் அடியில் சுழலும் மின்னோட்டம். அப்படிச் சுழல நானோ துகளுக்குள் இடம் போதாது. மனித உடலுக்குள் இடம் உண்டு. புலத்தின் வலிமையைக் கூட்டிக்கொண்டே போனால் துகள் இல்லாத நல்ல திசுவும் சூடாகும், அதுவும் உடல் பகுதி பருமனாக இருக்க இருக்க அதிகமாக. எனவே புலத்தை ஓர் எல்லைக்கு மேல் உயர்த்த முடியாது. போதுமான வெப்பம் வேண்டுமென்றால் கட்டிக்குள் நிறையத் துகள்களைச் சேர்த்தாக வேண்டும். இந்தத் துறையின் மற்ற இடர்ப்பாடுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

எம்.ஆர்.ஐ. பற்றி நீங்கள் கேட்டதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. எம்.ஆர்.ஐ.யின் பெரிய காந்தம் மிக வலிமையானது, ஆனால் அதன் திசை மாறாமல் நிலையாக நிற்கிறது. நிலையான காந்தம் துகளைத் தன் பக்கம் திருப்பி வைக்குமே தவிரச் சூடாக்காது. இந்தச் சிகிச்சைக்கென்றே தனிக் கருவி வேண்டும்.

1957ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அறுவை மருத்துவர் கில்கிறிஸ்டும் அவருடைய குழுவினரும், குடல் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு நிணநீர்க் கணுக்களில் மிஞ்சிவிடும் செல்களை அழிக்கும் நோக்கத்தோடு, நாய்களின் கணுக்களில் இரும்பு ஆக்சைடுத் துகள்களைச் செலுத்திச் சூடாக்கிக் காட்டினார்கள். அதை மனிதர்களுக்குக் கொண்டுவந்த வேலை பெரும்பாலும் ஜெர்மனியின் பெர்லினில், ஆந்திரயாஸ் யோர்டான் என்னும் அறிவியலாளரைச் சுற்றி நடந்தது. வீடியோக்கள் சுற்றி வளைத்துக் குறிப்பிடும் முக்கியமான ஆய்வு 2011இல் வெளிவந்தது. கிளியோபிளாஸ்டோமா ஒருமுறை வந்து, சிகிச்சைக்குப் பின் மீண்டும் வளர்ந்த 59 நோயாளிகள் அதில் இருந்தார்கள். மண்டையோட்டில் துளையிட்டு, கணினி வழிகாட்டுதலோடு ஊசியைக் கட்டிக்குள் இறக்கித் துகள்களைச் செலுத்தினார்கள். வெப்பத்தோடு சராசரியாக 30 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சும் மீண்டும் கொடுத்தார்கள். மறுவளர்ச்சி கண்டறியப்பட்ட நாளிலிருந்து நோயாளிகளில் பாதிப் பேர் 13.4 மாதங்களைத் தாண்டி வாழ்ந்தார்கள்.

மீண்டும் வளர்ந்த கிளியோபிளாஸ்டோமாவுக்கு இது நல்ல எண்ணிக்கைதான். ஆனாலும் அந்த ஆய்வில் ஒப்பீட்டுக் குழு கிடையாது. அதே அளவு கட்டியும் அதே உடல்நிலையும் கொண்ட வேறு நோயாளிகளுக்கு, துகள்கள் இல்லாமல் மறு கதிர்வீச்சை மட்டும் கொடுத்திருந்தால் எத்தனை மாதம் வாழ்ந்திருப்பார்கள் என்பதை அதிலிருந்து அறிய வழியில்லை. பழைய ஆய்வுகளின் எண்ணிக்கையோடுதான் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இத்தகைய சிறப்பு ஆய்வில் சேர்க்கப்படுவோர், பயணம் செய்யவும் மயக்க மருந்தைத் தாங்கவும் தெம்புள்ளவர்களாக இருப்பார்கள். அவர்கள் எந்தச் சிகிச்சை எடுத்தாலும் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாக வாழும் வாய்ப்புள்ளவர்கள். அந்த ஆய்விலேயே, யார் அதிக நாள் வாழ்வார் என்பதோடு உறுதியாகத் தொடர்புபட்டிருந்த ஒரே அம்சம் தொடக்கத்தில் கட்டி எவ்வளவு சிறியதாக இருந்தது என்பதுதான். 2010களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் இதற்குக் கிடைத்த அனுமதியும் மருத்துவக் கருவி என்ற வகையில் கிடைத்ததே. மற்றச் சிகிச்சைகளைவிட ஆயுளை நீட்டுகிறது என்று ஒப்பீட்டு ஆய்வில் நிறுவிக் காட்டிப் பெற்றதன்று.

பக்கவிளைவே இல்லை என்ற பேச்சுக்கு வருகிறேன். கட்டிக்குள் துகளைச் செலுத்துவது மூளையில் இன்னொரு நுழைவு. வெப்பத்தை அளப்பதற்காக மெல்லிய குழாய் ஒன்றையும் உள்ளே வைத்துவிடுகிறார்கள். சிகிச்சையின்போது வியர்வை, தலைவலி, வலிப்பு, ஏற்கெனவே இருக்கும் கைகால் பலவீனம் கூடுதல் ஆகியவை பதிவாகியுள்ளன. தலையைச் சுற்றிப் புலம் இயங்குவதால் அருகில் உலோகம் இருக்கக் கூடாது. பல்லில் வைத்த உலோக அடைப்பையும் உறையையும்கூட முன்கூட்டியே எடுத்துவிட வேண்டியிருந்தது. உங்கள் தந்தையாரின் முதல் அறுவையில், வெட்டிய மண்டையோட்டு எலும்பை மீண்டும் பொருத்தச் சிறு உலோகத் தகடுகளும் திருகுகளும் வைத்திருக்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் அறுவைக் குறிப்பு என்ற பகுதியைப் பாருங்கள். அது அங்கே எழுதியிருக்கும். அந்த ஏஜென்ட் இதுவரை உங்களிடம் பல்லைப் பற்றியும் தகட்டைப் பற்றியும் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்றால், அவர் எந்தச் சிகிச்சையை விற்கிறார் என்பது அவருக்கே தெரியாது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை வேறொன்று. செலுத்திய துகள்கள் அங்கேயே தங்கிவிடும். அந்த இரும்பு, எம்.ஆர்.ஐ. படத்தில் அந்தப் பகுதியையே கறுப்பாக்கி உருக்குலைத்துவிடும். அதன் பிறகு சி.டி. ஸ்கேனை நம்பித்தான் நோயைக் கண்காணிக்க வேண்டும். கிளியோபிளாஸ்டோமாவில் ஒவ்வொரு முடிவும் எம்.ஆர்.ஐ.யை வைத்தே எடுக்கப்படுகிறது. உங்கள் தந்தையாரைப் பொறுத்தவரை, வந்தது கட்டியா வீக்கமா என்பதே தெரியாத நேரத்தில், அதைக் கண்டுபிடிக்கும் கண்ணை மூடிக்கொள்வதற்கு இது சமம். ஜெர்மனியில் 2019இல் வெளிவந்த இன்னொரு சிறு ஆய்வில், ஆறு நோயாளிகளுக்குக் கட்டியை அகற்றிய குழியின் சுவரிலேயே துகள்களைப் பூசினார்கள். துகளை ஒட்டிய திசு செத்துப்போயிருந்தது, நோய் எதிர்ப்பு செல்களும் அங்கே திரண்டிருந்தன. அறிவியலாக நம்பிக்கை தரும் செய்தி அது. ஆனால் சில மாதங்களில் குழியைச் சுற்றிக் கடும் வீக்கம் உண்டாகி, வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தைக் கொடுக்க வேண்டியதாயிற்று. தேவைப்பட்டவர்களுக்கு மறு அறுவை செய்து துகள்களை வெளியே எடுத்தார்கள்.

"புற்றுநோய் செல்கள் மட்டும்" என்ற வாக்கியமும் சரியன்று. துகளுக்குப் புற்றுநோய் செல் எது, நல்ல செல் எது என்று தெரியாது. அது எங்கே இருக்கிறதோ அந்த இடத்தைச் சூடாக்கும், அவ்வளவே. இறந்த நோயாளிகளின் மூளையை ஆராய்ந்தபோது, துகள்கள் செலுத்திய இடத்தை ஒட்டியே நின்றிருந்ததையும், அவற்றைப் பெரும்பாலும் உடலின் துப்புரவு செல்களே விழுங்கியிருந்ததையும் கண்டார்கள். கிளியோபிளாஸ்டோமாவோ ஸ்கேனில் தெரியும் விளிம்போடு நிற்பதில்லை. அதன் செல்கள் நல்ல மூளைத் திசுவுக்குள் தனித்தனியாக ஊடுருவிச் செல்கின்றன. ஊசி எட்டாத இடத்தில் துகள் இல்லை. துகள் இல்லாத இடத்தில் வெப்பமும் இல்லை. கையில் ஊசி போட்டு ரத்தத்தின் வழியே துகளைக் கட்டிக்கு அனுப்பலாம் என்று சில வீடியோக்கள் சொல்கின்றன. விலங்குகளில் பல ஆண்டுகளாக நடந்த நானோ துகள் ஆய்வுகளைத் தொகுத்துக் கனடாவின் டொராண்டோ ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட கணக்குப்படி, ரத்தத்தில் செலுத்திய துகள்களில் சராசரியாக 0.7 விழுக்காடுதான் கட்டியைச் சென்றடைந்தது. மிச்சத்தில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. அந்த அளவு துகளை வைத்துக்கொண்டு மனித மூளைக் கட்டியை 43 டிகிரிக்கு ஏற்ற முடியாது.

இதையெல்லாம் படித்துவிட்டு வெப்பச் சிகிச்சையே வீண் என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. வேறு வழிகளில் கொடுத்த வெப்பம் ஒப்பீட்டு ஆய்வுகளில் பலன் தந்திருக்கிறது. நெதர்லாந்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சோடு ரேடியோ அலை வெப்பத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, மூன்றாண்டு உயிர்வாழ்வு 27 விழுக்காட்டிலிருந்து 51 விழுக்காடாக உயர்ந்ததை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். கிளியோபிளாஸ்டோமாவிலேயே, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில், கட்டிக்குள் கதிரியக்க விதைகளோடு மைக்ரோவேவ் வெப்பத்தையும் சேர்த்த 1998ஆம் ஆண்டு ஆய்வில், இரண்டாண்டு உயிர்வாழ்வு 15 விழுக்காட்டிலிருந்து 31 ஆனது, பக்கவிளைவுகளும் கூடின. வெப்பத்தைச் சீராகவும் துல்லியமாகவும் சேர்க்க முடிந்தால் பலன் இருக்கும் என்பதற்கு இவை சான்று. காந்தத் துகள் அந்தத் துல்லியத்தைத் தரக்கூடும் என்பதால்தான் உலகெங்கும் அதில் உழைக்கிறார்கள், நானும் அதன் வெற்றியை மனதார விரும்புகிறேன். ஆனால் உங்கள் நிலத்தை விற்று அதற்குச் செலவு செய்யும் கட்டம் இன்னும் வரவில்லை.

இன்னொரு நடைமுறைச் செய்தி. மூளைக் கட்டிக்கு இந்தச் சிகிச்சையை ஐரோப்பாவில் கொண்டுவந்த பெர்லின் நிறுவனம் 2022இல் திவால் மனு தாக்கல் செய்தது. இந்தியாவில் இது வழக்கமான சிகிச்சையாக எங்கும் அளிக்கப்படவில்லை. ஆகவே ஏஜென்ட்டிடம் எந்த மருத்துவமனை, எந்த மருத்துவர், எந்தக் கருவி, எந்த அனுமதி என்பதை எழுத்தில் கேளுங்கள். கிடைத்தால் அந்த மருத்துவமனைக்கு நீங்களே நேரடியாக எழுதி உறுதி செய்யுங்கள். "ஆய்வு" என்று சொன்னால் அதன் பதிவு எண்ணைக் கேளுங்கள். நம் நாட்டில் மருந்தாய்வுகளை அரசின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்வது 2009 முதல் கட்டாயம். அதை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். முறையான ஆய்வில், ஆராயப்படும் சிகிச்சைக்கு நோயாளியிடம் லட்சக்கணக்கில் முன்பணம் கேட்கும் வழக்கம் இல்லை. மாதக் கடைசிக்குள் கட்டு என்ற நெருக்கடியும் இருக்காது.

மறு ஸ்கேனிலும் கட்டி உண்மையிலேயே வளர்ந்திருப்பது உறுதியானால், உங்கள் டாக்டர்கள் கூடிப் பேச வேண்டிய வழிகள் இருக்கின்றன. பேச்சையும் கை இயக்கத்தையும் கெடுக்காமல் எட்டக்கூடிய இடமாக இருந்தால் மறு அறுவை, முதல் கதிர்வீச்சிலிருந்து போதிய இடைவெளி இருந்தால் சிறு பகுதிக்கு மறு கதிர்வீச்சு, லோமஸ்டின் போன்ற கீமோ, பெவாசிஸுமாப் ஊசி. கடைசியாகச் சொன்ன ஊசி ஆயுளை நீட்டும் என்று நிறுவப்படவில்லை, ஆனால் வீக்கத்தைக் குறைத்து ஸ்டீராய்டு அளவை இறக்க உதவும். அதன் விலையையும் பலனையும் வெளிப்படையாகக் கேட்டு முடிவெடுங்கள். பயாப்ஸித் திசுவில் எம்.ஜி.எம்.டி. பரிசோதனை செய்திருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள், டெமோசோலமைடு எவ்வளவு வேலை செய்யும் என்பதை அது ஓரளவு காட்டும். இந்த வழிகள் எவையும் நோயை வேரோடு நீக்குபவை அல்ல. இதை உங்களிடம் மறைப்பது முறையாகாது, ஏனென்றால் நிலத்தைப் பற்றிய முடிவை நீங்கள் இது தெரிந்துதான் எடுக்க வேண்டும். வலி, வலிப்பு, தூக்கம், நடமாட்டம் ஆகியவற்றைக் கவனிக்கும் ஆதரவு சிகிச்சைக் குழுவை இப்போதே அணுகுங்கள். அதைக் கடைசிக் கட்டத்துக்கென்று ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. டெக்ஸாமெத்தசோன் கொடுத்துக்கொண்டிருந்தால், தலைவலி குறைந்துவிட்டது என்று நீங்களாக ஒருநாளும் திடீரென நிறுத்தாதீர்கள். சர்க்கரை அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். தந்தையாரிடமும் அவருக்கு என்ன வேண்டும் என்று உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் கடிதத்தில் சித்தப்பா பேசுகிறார், ஏஜென்ட் பேசுகிறார், நீங்கள் பேசுகிறீர்கள். அவர் என்ன நினைக்கிறார் என்பது அதில் இல்லை.

இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாத்திரையில் உள்ள இரும்பு குடலில் கரைந்து, ரத்தத்தில் புரதத்தோடு இணைந்து, பெரும்பாலும் சிவப்பணு உண்டாகப் பயன்படுகிறது. அது கட்டிக்குள் காந்தத் துகளாகச் சேராது, எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கும் தடையில்லை. இந்தக் காரணத்துக்காக அதை நிறுத்த வேண்டாம். ஆனால் கீமோ எடுப்பவர்களுக்கு வரும் ரத்தசோகை எல்லாமே இரும்புக் குறைவால் வருவதில்லை; எலும்பு மஜ்ஜை தளர்வதாலும் வரும், அதற்கு இந்த மாத்திரை உதவாது, மலச்சிக்கலைத்தான் கூட்டும். மாதந்தோறும் எடுக்கும் ரத்த எண்ணிக்கையோடு இந்த முறை, உடலில் உள்ள இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைவாக இருந்தால் மாத்திரையைத் தொடருங்கள். போதுமான அளவு இருந்தால், தொடர வேண்டுமா என்பதை உங்கள் டாக்டரே சொல்வார்.